ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி

முதலாளி ஞாயிறுதோறும் கிளப்பில் சுடுவது பழைய பட்டாளத்துக் கார்பைன் துப்பாக்கி. தேர்தல் வருவதால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசத்தில் எனக்கு எங்கள் உடுமலைப்பேட்டைத் தோட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவும் ஒரு தேர்தலுக்குத் தன் துப்பாக்கியை அப்படித்தான் எண்ணெய் போட்டு ஒப்படைத்தார். மறுவாரமே மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கியது.

"ஏனுங்க, வெறுங்கையோட போகாதீங்க," என்றாள் அம்மா.

"துப்பாக்கி இல்லைன்னு பன்னிக்கு எப்படிப் புள்ள தெரியும்?" என்று சிரித்தபடி தகரத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

கொஞ்சத்தில் தகரச் சத்தம் நின்றது. பன்றி தொடையைக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

தேர்தல் முடிந்ததும் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போலீஸ்காரர் வந்தார். "இனி யாருக்குங்க அது?" என்றாள் அம்மா.

"ரெண்டு மாசம் சுடாம கை துறுதுறுங்குமப்பா," என்றார் முதலாளி.

"ஆமாங்க," என்றேன். கார்பைனைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.