இரண்டாம் பாட்டிலும் மாமாவின் தோளும்

வீடுகளில் இருக்கும் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் மாமாவின் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக உப்புநீரிலேயே இருந்ததில் அவருடைய விரல் நுனிகள் வெடித்துப் போயிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘உப்புத்தண்ணி’. மாமியே சில நாள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

போன வருடம் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டவே இரண்டு நிமிடம் ஆனது. மாமியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பதிமூன்று வீடுகள், பாதிக்கு மேல் மாடி வீடுகள். கை வராதவனை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சரம்மாவின் தொட்டியில் பிரச்சினை வந்தது. அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். தொட்டியின் நடுவில், பாறையைப் பற்றிக்கொண்டு பூப்போல விரியும் ஒரு கடல் உயிர் உண்டு. அதன் மெத்தென்ற விரல்களுக்குள்தான் இரண்டு ஆரஞ்சு மீன்கள் படுத்துக் கிடக்கும். டீச்சரம்மாவுக்கு அது வெறும் ‘பூ’. ஒன்பது வருடமாக விரிந்த பூ, இரண்டு மாதமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. உள்ளங்கை அகலம் இருந்தது, எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

மாமா எல்லாவற்றையும் பார்த்தார். உப்பின் அளவு சரி, சூடு சரி. விளக்கு பழசு என்று புதிது மாட்டினார். பம்பைக் கழற்றிக் கழுவினார். நைட்ரேட் சோதனையில் ஒவ்வொரு வாரமும் மஞ்சள் நிறம்தான் வந்தது. மீன் கழிவும் மீந்துபோன தீனியும் சேர்ந்து தண்ணீர் கெட்டிருந்தால் சிவப்பு வரவேண்டும். மஞ்சள் என்றால் தண்ணீர் சுத்தம். கடைசியில், பூவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். டீச்சரம்மா தொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை தோள்வலியை விட மோசம் என்று மாமா பிறகு மாமியிடம் சொன்னாராம்.

அடுத்த வாரம் அவர் சோதனை செய்யும்போது டீச்சரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனைப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படித்தார். மாமா சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்தார். முதல் மருந்துப் பாட்டிலில் இருந்து பத்துச் சொட்டு விட்டார். இரண்டாவது பாட்டிலை இரண்டு ஆட்டு ஆட்டினார்.

“தம்பி, இதை முப்பது செகண்ட் வேகமா குலுக்கணும்னு போட்டிருக்கே. அடியில மருந்து படிஞ்சிட்டா நிறம் சரியா வராதாம்.”

“குலுக்கினேனே டீச்சரம்மா.”

“குலுக்கல. தாலாட்டுனீங்க.”

மாமாவுக்குத் தெரியாத விதியா? ஒரு காலத்தில் அந்தப் பாட்டிலை மேசையில் தட்டித் தட்டிக் குலுக்கியவர்தான். தோள் பிடித்த பிறகு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குறைந்ததை அவரே கவனிக்கவில்லை. டீச்சரம்மா பாட்டிலை வாங்கி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே குலுக்கினார். பிறகு சொட்டு விட்டு, குழாயையும் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள்.

சிவப்பு. நிறங்களை ஒப்பிடும் அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தின் சிவப்பு.

மருந்து பழசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கேட்பவர் நம்பியும் இருப்பார். மாமா தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பு என்னோடதுதான். கை வரல. ஆறு மாசமா வரல.”

டீச்சரம்மா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

“எத்தனை வீட்டுல இப்படித் தாலாட்டுனீங்க?”

“எல்லா வீட்டுலயும்.”

“அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க? என்ன செய்யணும்னு எழுதி வச்சிட்டுக் கிளம்புங்க.”

ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினால் பூ தாங்காது. தினம் ஒரு வாளி, முந்தின நாளே உப்புக் கரைத்து வைத்த தண்ணீர். அதை எழுதிக் கொடுத்துவிட்டு மாமா படியிறங்கினார்.

மீதிப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போக நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு வீட்டிலும் ‘தப்பு என்னோடதுதான், கை வரல’ என்று அதையே சொல்லி, பாட்டிலை வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னார். ஏழு வீட்டில் சிவப்பு வந்தது. ஒரு வீட்டில் இனி வரவேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் அதைக்கூடச் சொல்லவில்லை, கதவைச் சாத்தினார்கள். ஒரு பல் மருத்துவர் மட்டும் சிரித்துவிட்டு, தோளுக்கு ஒரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். மாமா இன்னும் அந்த டாக்டரிடம் போகவில்லை. மாமி கேட்டால், அலுப்பாக இருக்கிறது என்கிறார்.

மூன்று வாரம் கழித்து டீச்சரம்மா வீட்டில் சோதனை நிறம் வெளிர் ஆரஞ்சுக்கு இறங்கியது. பூ கொஞ்சம் விரிந்திருந்தது. ஒரு பக்கத்து விரல்கள் கரைந்துபோய், அந்த இடம் வெறுமையாக இருந்தது. மீன்கள் இரண்டும் மிச்சமிருந்த பக்கத்தில் நெருக்கியடித்துப் படுத்திருந்தன.

“பாதிதான் வந்திருக்கு,” என்றார் டீச்சரம்மா.

“பாதிதான், டீச்சரம்மா.”

மாமா காலி கேனை இடது கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த வீடு நான்காவது மாடி.