அத்தை கட்டிய ஊர்

கடலைக் கண்ணால் பார்த்திராத ஐந்து பேர் கடல் தாண்டிப் போகத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் ஒன்பது வயதில் பார்த்தேன். அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் அப்பா, அம்மா, அப்பாவுக்கு அக்காவான அத்தை, அத்தையின் புருஷனான மாமா. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளாகக் கட்டிய ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை எட்டாது. அத்தை அந்தப் பக்கம் தும்மினால் அம்மா இந்தப் பக்கம் "நூறு" என்பாள்.

யாத்திரை என்ற பேச்சை ஆரம்பித்தது அத்தைதான். நாலு நாள் விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இந்தியாவுக்குப் போயி சாமியெல்லாம் நடந்தே கும்பிட்டுட்டு வரணும்" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் ரொட்டி தீய்ந்துவிடும் என்று சொல்லி அடக்கியிருப்போம். அத்தை சொன்னால் அது முடிவான மாதிரி. அடுத்த ஞாயிறே வழி தயாராகிவிட்டது. அட்டனில் ரயில், தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் ராமேஸ்வரம், பிறகு மதுரை. திண்டுக்கல்லில் இறங்கிப் பழனிக்கு நடை. திருச்சியில் இறங்கிச் சமயபுரத்துக்கு நடை. அங்கிருந்து எங்கள் ஊருக்கும் நடைதான். ரயில் போகிற இடத்துக்கு ரயில், சாமி இருக்கிற இடத்துக்குக் கால் என்பது அத்தை போட்ட சட்டம்.

எங்கள் ஊர் என்று சொன்னேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் தவழ்கிற குழந்தைக்குக்கூட ஊர் திருச்சிப் பக்கமாகவோ சேலத்துப் பக்கமாகவோதான் இருக்கும். எங்களுக்குத் துறையூர்ப் பக்கம். அப்பாவும் அத்தையும் பிறந்தது இதே லயத்தில். அவர்களுடைய அப்பாவையும் அம்மாவையும் புதைத்தது தேயிலைக்கு நடுவில். துறையூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்ததாகக்கூட யாருக்கும் நினைவில்லை. பேர் மட்டும் மிச்சமாக இருந்தது.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு அத்தை ஒரு ஊரையே கட்டினாள். முதல் ஞாயிறு அங்கே நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்றாள். அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் பின்னால் கிணறு வந்தது. அதற்கடுத்த வாரம் கிணற்றைச் சுற்றி நாலு தென்னை நின்றது. பிறகு ஒரு வயல், வயலுக்கு ஒரு வரப்பு, வரப்பில் ஒரு செவலைப் பசு. அவள் சொல்லச் சொல்ல வெளியே பனி வந்து லயத்தை மூடிக்கொள்ளும். எதிரே இருந்த மலை காணாமல் போகும். அந்த வெள்ளைக்குள் தென்னை ஓலை அசைவதை நான் உண்மையாகவே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் தென்னை என்றால் எனக்குப் பனிக்குள் நிற்கிற மரம்தான்.

அப்பா இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்பார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பத்திரம் வந்த பிறகுதான் பயணம். நாடு சுதந்திரமடைந்த கையோடு தோட்டத்துச் சனங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வி எழுந்துவிட்டது. இந்த நாட்டுப் பிரஜைதான் என்று நாங்களே விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குப் போய், நிரூபித்துப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அப்பா விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். பத்திரம் இல்லாமல் கப்பல் ஏறினவர்களைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"போறது பெரிசில்லக்கா. திரும்பி வரணும்ல?" என்பார் அப்பா.

"பத்திரம் வந்துட்டா போயிறலாம்" என்று அத்தை வாய் ஓயாமல் சொல்வதைக் கேட்டு மாமாவுக்கு அலுத்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அவர் கொஞ்சம் நக்கல் பேர்வழி. "அத்தைக்கு மீச மொளச்சா சித்தப்பாதான்" என்பார். நான் உடனே அத்தையின் மேலுதட்டைப் பார்ப்பேன்.

பயணம் எப்போது என்று தெரியாவிட்டாலும் ஏற்பாடுகள் நிற்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லோரும் நானா என்போம். காயல்பட்டினத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததால் கப்பலில் போய்வந்து பழக்கப்பட்டவர். எந்தக் கோயில் எந்தத் தெருவில், எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி குறைவு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அத்தை கொண்டுபோகிற சாமான்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது, ஆளுக்கொரு கம்பளி என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தங்கச்சி, மதுரை வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டுப் போனா மீனாட்சியே எந்திரிச்சு வந்து பாப்பா" என்றார்.

அத்தை கம்பளியை விடவில்லை. கம்பளி இல்லாமல் ஒருவன் வெளியூர் போவான் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நானா சொன்னவற்றில் ஒன்று மட்டும் எல்லோரையும் கலவரப்படுத்தியது. அங்கே தரை முழுக்கச் சமமாக இருக்குமாம். எங்களுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும். முதுகில் கூடையோடு மலையில் ஆடு மாதிரி நிற்பாள் அம்மா. சமதரையில் மைல் கணக்கில் நடந்து யாருக்கும் பழக்கமில்லை. முழங்காலுக்கு என்ன செய்வது என்றே புரியாமல் போய்விடும் என்றார் மாமா. ஆகவே பழக வேண்டும் என்று முடிவானது. எங்கே பழகுவது? அந்த மலையில் சமதரை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களம் காலியாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் தலையில் கம்பளி மூட்டையோடு அதைச் சுற்றிச் சுற்றி நடப்போம். பள்ளிக்கூடம் போகிறவள் என்பதால் ஊர்ப் பேர் சொல்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் ஒரு ஊரைக் கூவுவேன். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற அத்தையின் மூட்டை மட்டும்தான் தெரியும். எங்கோ தூரத்தில் மதுரைக்குப் பக்கத்தில் தனியாக நடந்துகொண்டிருப்பதுபோல எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கும் நடந்ததில்லை.

ஒருநாள் அந்த வழியாக வந்த கணக்கப்பிள்ளை எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிட்டார். மூட்டை தூக்கிக்கொண்டு ஆட்கள் களத்தைச் சுற்றினால் வேறென்ன நினைப்பார்?

"என்னா இது? ஸ்ரைக்கா?"

"இல்லீங்கய்யா, இப்பத்தான் திண்டுக்கல்லு தாண்டியிருக்கோம்" என்றாள் அத்தை, நடையை நிறுத்தாமல்.

அந்த வருஷம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளும் கூட வர வேண்டும் என்று எழுதியிருந்ததால் அம்மாவும் நானும் புறப்பட்டோம். அப்பா கறுப்புக் கோட்டை மாமாவிடம் இரவல் வாங்கினார். பிறப்புச் சீட்டு, பேர் பதிந்த துண்டுகள், தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். டின்னைத் தூக்கிக்கொள்ள நான் கேட்டேன். தரவில்லை.

விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த ஐயா நல்ல மனுஷர். மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். அப்பாவுக்குச் சிங்களம் தெரியும், ஆனாலும் தமிழில் கேட்ட பிறகே பதில் சொன்னார். இந்தியாவில் வீடு வாசல் உண்டா? இல்லைங்க. நிலம் நீச்சு? இல்லைங்க. சொந்தக்காரர்? தெரிஞ்சு யாரும் இல்லைங்க. இங்கேயேதான் இருக்கப்போகிறாயா? இங்கதான் பொறந்தேன், இங்கதான் சாவேங்க. அப்பா பெரட்டில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். கோட்டின் கை அவருக்கு எட்டவில்லை.

எல்லாம் முடிகிற மாதிரி இருந்தது. ஐயா என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். பள்ளிக்கூட லீவில் என்ன செய்வாய் என்றார் தமிழில் சொன்னவர்.

பத்திரம் வந்தால் பயணம். அதைத் தரவேண்டியவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு அழகான பயணம் என்று தெரிந்தால் அவர் இன்றைக்கே கொடுத்துவிட மாட்டாரா? நான் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நாங்க எங்க ஊருக்குப் போறோம். அட்டன், தலைமன்னாரு, ராமேஸ்வரம், மதுர, திண்டுக்கல்லு, பழனி, திருச்சி, சமயபுரம், அதுக்கப்பறம் எங்க ஊரு."

ஒரு ஊர்கூட விடவில்லை. தமிழில் சொல்கிறவர் என்னோடு ஓடமுடியாமல் திணறினார். ஊரில் என்ன இருக்கிறது என்று ஐயா கேட்டார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வீடு இருக்கு என்றேன். கிணறு, கிணற்றைச் சுற்றி நாலு தென்னை, வயல், வரப்பு, செவலைப் பசு. அத்தை கட்டிய ஊரை அப்படியே அவர் மேசையில் வைத்தேன்.

"அதெல்லாம் சும்மா கதைங்க ஐயா. பிள்ளைக்கு எங்க அக்கா சொல்றது" என்றார் அப்பா. தமிழில் சொல்கிறவருக்காக அவர் காத்திருக்கவில்லை. அதையே தானாகச் சிங்களத்திலும் சொன்னார், இரண்டு தடவை.

ஐயா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நிறைய எழுதினார். அவ்வளவு அக்கறையாக நான் சொன்னதை யாரும் அதுவரை எழுதிக்கொண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது அம்மா முன்னால் போய்விட்டாள், திரும்பியே பார்க்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"கெணத்தச் சுத்தி எத்தன தென்னன்னு சொன்ன?"

"நாலு."

"நல்லா ஞாபகம் வச்சிருக்க" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அதனால் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கொழுந்து மும்முரமாக வருகிற மாதத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கங்காணி வாசித்துச் சொன்னார். வெளிநாட்டோடு தொடர்பு, நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று என்னென்னவோ இருந்தது. அப்பா தாளை வாங்கி நாலாக மடித்து டின்னில் போட்டார். அன்று மத்தியானமும் வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடக்கவில்லை.

அத்தைக்கு ஆறவில்லை. நம் மேல் பொறாமைப்பட்ட எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறான் என்று தீர்மானித்துவிட்டாள். ஒருநாள் அந்தப் பேரும், மறுநாள் இந்தப் பேரும் அவள் வாயில் அடிபட்டன. பாவம், பக்கத்து லயத்தில் ஒருவரோடு சாகும்வரை பேசவேயில்லை. கந்தோரில் நடந்ததைப் பற்றி அம்மா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அப்பாவும்தான்.

ஒரு சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அத்தை, கூடையை இறக்கி வைத்த கையோடு லயத்து வாசலில் நின்று தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"எங்க பயணத்தக் கெடுத்த வாயி புழுத்துப் போவ!" என்று தூற்றினாள்.

லயமே வெளியே வந்து நின்றது. எனக்கும் ஆத்திரம் பொங்கியது. ராமேஸ்வரமும் மதுரையும் என்னுடையவையும்தானே? நானும் ஓடிப்போய் அத்தைக்குப் பக்கத்தில் நின்று, என் கை கொள்ளுமட்டும் மண்ணை வாரி, அவளைவிடச் சத்தமாகக் கத்தித் தூற்றினேன். காற்று எதிர்த்து அடித்தது. மண் என் முகத்திலும் தலையிலும் வந்து விழுந்தது. விடாமல் மறுபடி வாரினேன்.

மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "போதும்மா, போதும்" என்று என் முன்னால் மண்டியிட்டு, தோளில் கிடந்த துண்டால் முதலில் என் வாயைத் துடைத்தார். பிறகு கைகளை விரித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் கண் ஏன் கலங்குகிறது, அத்தை கையிலும் அதே மண்தானே இருக்கிறது, என்னை மட்டும் ஏன் இப்படித் துடைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் ஒரு கை மண் பாக்கி இருக்கிறது, விடுங்கப்பா என்று அவர் பிடியிலிருந்து திமிறினேன்.