புகை அடங்கிய கங்கு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருக்கும், ஒற்றுப் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் பியூனாக இருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக மேசைவரை வந்துவிடும். காகிதம் துவண்டு டைப் மெஷினில் சுருளும். அதனால் மேனேஜர் சொன்னபடி ஜன்னல் இடுக்குகளில் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். ஈரம் காய, டைப் அறையில் கரியடுப்பும் வைத்தேன்.

அந்த அறையில் டைப் அடிக்கும் அம்மா ஒருவர்தான் இருந்தார். தலைச்சோலையிலிருந்து வருவார். படுக்கையில் கிடந்த கணவரும் இரண்டு பிள்ளைகளும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அடுப்பு வந்த பிறகு, மதியமானால் அவருக்குத் தலைவலி, குமட்டல். கடிதங்களில் வரிகள் விட்டுப்போயின. இன்னொரு கடிதம் கெட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, வெளிய போனாச் சரியாப் போயிருதுங்க. உள்ள வந்தா எழுத்தே ரெண்டாத் தெரியுது. புத்தி கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க."

புகையால்தான் என்று நினைத்தேன். கரியை வெளியே மூட்டி, புகை அடங்கிக் கங்கான பிறகே உள்ளே கொண்டுபோனேன். புகை இல்லாததால் அவர் கதவையும் சாத்திக்கொண்டார். இன்னும் மோசமானது.

ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது அந்த அறையில் உட்கார்ந்து உறைகள் ஒட்டினேன். எழுந்தபோது முழங்கால் மடங்கியது. அடுப்புதான் காரணம் என்று புரிந்து பயம் பிடித்துக்கொண்டது. மேனேஜர் அறை வாசல்வரை மூன்று முறை போய், பேச வாய் வராமல் திரும்பினேன்.

மறுநாள் ஒரு கடிதத்தில் விலாசமே இல்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் அவரிடம் சொன்னார். வாசலில் நின்ற நான், அடுப்புதான் காரணம் என்றேன்.

"பொகையே இல்ல, அடுப்பு என்ன பண்ணும்? நீ எப்பப்பா டாக்டருக்குப் படிச்ச?"

"நீங்களே அங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, ஐயா."

மேனேஜர் சிரித்துக்கொண்டே பேப்பரோடு டைப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அந்த அம்மாவும் வராந்தாவில் நின்றோம். அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போகும். ஏதாவது ஆகிவிட்டால்? வெகுநேரம் கழித்துக் கதவில் காது வைத்தேன். பக்கம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. தட்டாமலே திறந்தேன். மேசையைப் பிடித்தபடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலத் தொறந்து உடு" என்றார். ஒட்டிய காகிதத்தைக் கிழித்துத் திறந்துவிட்டு, அடுப்பை வெளியே எடுத்துப் போனேன்.

அந்த அம்மா வேலையில் நீடித்தார். என்னால்தான் பிழைப்பு தப்பியது என்று பலமுறை சொன்னார். அவரை வரவேண்டாம் என்றதற்கு முந்தின நாளே தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவேயில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

1993, கார்த்திகை 9.