புளி போடாத மித்ராஸ்

மண்ணுக்குள் பழங்காலப் பொருள் ஒன்றைக் கண்டெடுப்பவர் அதைத் தாமதமின்றி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது. டென்மார்க்கில் இதுதான் விதி. கண்டெடுத்த அன்றே இதை நான் என் மனைவிக்கு டேனிஷில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னேன். அவள் இரண்டு மொழியிலும் கேட்கவில்லை.

நான் ஒடென்சே கொம்யூனில், அதாவது நகரசபையில், விண்ணப்பங்களைப் பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரு நாள் பிந்தினாலும் திருப்பி அனுப்பிவிடுவான் என்று என்னைப் பற்றி ஒரு கதை இருந்தது. கதை உண்மைதான். அப்படிப்பட்டவன் ஒரு பழம்பொருளைப் பத்து நாள் சாமித் தட்டில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் தலை கிறுகிறுக்கிறது. ஆனந்தமாகவும் இருக்கிறது.

நகரத்து ஓரத்தில் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தோம். நவராத்திரி முதல் நாள். அப்பிள் மரத்தடியில் முள்ளுக்கரண்டிபோல் இருந்த என் மண்வாரி எதிலோ இடித்தது. உள்ளங்கை அளவில் வெண்கலத் தகடு. அதில் ஓர் உருவம் மாட்டின் முதுகில் முழங்காலை ஊன்றி, அதன் தோளில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தது. மீசை தாடி இல்லாத முகம். பின்னால் காற்றில் பறக்கும் மேலாடை.

"இஞ்சேருங்கோ, துர்க்கை அம்மன் வந்திருக்கிறா," என்றாள் மனைவி.

"பொறும். கை ரண்டுதானே இருக்கு."

"மிச்சம் உடைஞ்சிருக்கும்."

"சிங்கம் எங்கை?"

"இந்தா, மாட்டுக்குக் கீழை."

"அது நாய்."

"இவ்வளவு காலம் மண்ணுக்கை கிடந்தா நீங்களும் மெலிஞ்சுதான் போவியள்."

மாட்டின் வயிற்றுக்கடியில், சொல்லக் கூசும் இடத்தில், ஒரு தேள் வேறு தொங்கிக்கொண்டிருந்தது. மகிஷாசுரன் கதையில் தேள் கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். "அவன் செய்த வேலைக்கு அதுவும் காணாது," என்றாள்.

ஒன்பது நாளும் அபிஷேகம் நடந்தது. பால், தயிர், தேன், பெட்டியில் வந்த இளநீர், மஞ்சள், சந்தனம். விஜயதசமிக்கு மறுநாள் அவள் குத்துவிளக்குகளோடு அம்மனையும் புளி போட்டு மினுக்குவதற்குக் கொண்டுபோனாள். நான் குசினி வாசலில் குறுக்கே நின்றேன்.

"தேய்க்கிறது விதிக்கு மாறு."

"அப்ப ஒன்பது நாளும் கழுவினது?"

"அதுவும் மாறுதான். ஆனா அது முடிஞ்சுது. இது இன்னும் நடக்கேல்லை."

"பென்ஷன் எடுத்தும் உங்களுக்குக் கொம்யூன் விட்டுப் போகேல்லை," என்று புளியைப் போத்தலுக்குள் திரும்பப் போட்டாள். விதியின் மூன்று பகுதிகளில் ஒன்றையாவது காப்பாற்றிவிட்ட பெருமையோடு அன்றே அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: கண்டெடுத்த பின் பொருளுக்கு ஏதாவது செய்தீர்களா? பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். பால் தொடங்கிச் சந்தனம் வரை எழுதப் பின்பக்கமும் தேவைப்பட்டது. அதை வாசித்த தொல்லியலாளர், முப்பது வயதுப் பெண், சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார்.

பிறகு தகட்டைப் பார்த்தார். இது அம்மன் இல்லை, மித்ராஸ் என்றார். ரோமப் படைவீரர்கள் குகைபோன்ற நிலவறைகளில் வணங்கிய கடவுள். ரோமச் சாமான்கள் வணிகத்தோடு இந்தப் பக்கமும் வந்திருக்கின்றன, ஆகவே ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். பழையது என்றால் அரசுக்குச் சொந்தம், திரும்பக் கிடைக்காது. பழையது இல்லையென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி தினமும் யன்னலோரம் சூரிய நமஸ்காரம் செய்பவள். அதன் முதல் மந்திரம் "ஓம் மித்ராய நம".

"மித்திரனோ? அவரை நான் காலமை ஏழு மணிக்கே கும்பிட்டிட்டன்."

"ரெண்டு பேரும் ஒராளோ எண்டதிலை அறிஞர்மாருக்குள்ளை ஒற்றுமை இல்லை."

"அவை ஆறுதலா ஒற்றுமைப்படட்டும். எனக்கு அவர் திரும்பி வரவேணும்."

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வேண்டுதல்கள். அவளுக்கு அது திரும்பி வர வேண்டும். எனக்கு அது பழையதாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் தகடு, அருகில் கண்டெடுத்தவர் பெயர் என்று கனவிலேயே நான் அதற்கான விளக்க உரையை எழுதி முடித்து, பிழை திருத்தியும் விட்டேன்.

நூலகத்திலிருந்து புத்தகங்களாகக் கொண்டுவந்தேன். மாட்டின் வால் நுனி கோதுமைக் கதிராக முடிவதைப் படங்களில் பார்த்தபோது எழுந்து நின்று வாசித்தேன். பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவளுக்கு விளக்கினேன்.

"அடியாருக்கு ஏழு படி. முதல்லை காகம், அடுத்தது மணமகன்."

"காகத்திலையிருந்து நேரா மாப்பிள்ளையோ? எங்கடை பெடியள் மாதிரித்தான்."

"பொம்பிளையளுக்கு அனுமதி இல்லை. நிலவறையிலை ரண்டு பக்கமும் கல்மேடை, அதிலை சரிஞ்சு கிடந்து விருந்து சாப்பிடுவினம். கோழி எலும்பெல்லாம் கிண்டி எடுத்திருக்கினம்."

"ஆம்பிளையள் மட்டும் எண்டா, ஆர் சமைச்சது?"

எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. அதை ஒரு கேள்வியாக எழுதி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன்.

ஒரு படத்தை மட்டும் அவள் நெடுநேரம் பார்த்தாள். அநேகமான சிற்பங்களைப் போல அதிலும் அந்தக் கடவுள் கத்தியை இறக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார். "மனமில்லாமல் செய்யிறார், பாவம்," என்றாள்.

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு இரண்டாம் நினைவூட்டல். வேலையில் இருந்தபோது எந்தத் தொனியில் எழுதுபவர்களை வெறுத்தேனோ அதே தொனி. "பரிசீலனைக்கு நீண்ட காலம் எடுக்கலாம்" என்று இயந்திரம் பதில் போட்டது. அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அடுத்த நவராத்திரியும் வந்துபோனது. சாமித் தட்டில் வெறும் பித்தளைத் தட்டம் ஒன்றை வைத்து அதற்குப் பொட்டு வைத்தாள்.

ஒரு காலையில், அடுப்பில் பால் பொங்கும் நேரம், கைபேசியில் கடிதம் வந்தது. சத்தமாகத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். பால், மஞ்சள், சந்தனம் கலந்த கெட்டியான படிவை ஆய்வுகூடத்தில் அகற்றியபோது, தகட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்துகள் தெரிந்தன: இத்தாலியில் செய்யப்பட்டது. யாரோ ஒரு சுற்றுலாப் பயணி கடந்த நூற்றாண்டில் வாங்கிவந்த நினைவுப்பொருளாக இருக்கலாம். அரசுக்குத் தேவையில்லை, வந்து பெற்றுக்கொள்ளலாம். கீழே தொல்லியலாளர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: "யார் சமைத்தார்கள் என்று எங்களுக்கும் தெரியவில்லை."

மனைவி அடுப்பைக் குறைத்தாள்.

"அண்டைக்குப் புளி போட விட்டிருந்தா, பத்து நிமிஷத்திலை எழுத்துத் தெரிஞ்சிருக்கும்."

கண்ணாடிப் பெட்டியும் உரையும் போன இடத்தில் ஏனோ சிரிப்புத்தான் வந்தது. நிறுத்த முடியாமல் கதிரையில் உட்கார்ந்தேன். அவளும் சிரித்தாள். வெறும் தட்டத்தை எடுத்து, இந்த முறை மாட்டுக்குத்தான் முதல் பொட்டு என்று சொல்லிக்கொண்டே புளி போட்டு மினுக்கத் தொடங்கினாள்.

அன்று தை இரண்டாம் திகதி, மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப் பொங்கல்.