மிஷின்களைக் கெடுத்தது ராஜாங்கம் அல்ல

ராஜாங்கம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் டிசைனாகத்தான் வந்தது. காலை ஏழேகால் மணி. எங்கள் சேவைச் சங்கத்தின் தலைவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்புப் பின்னணியில், இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே, சிரித்த முகமாக ராஜாங்கம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘ஆப்பிரிக்காவின் இருள் போக்கிய அண்ணன்’. அதற்கும் கீழே எனக்கென்று ஒரு வரி: ‘அண்ணே, பிழை இருந்தா பாத்துச் சொல்லுங்க. ஒம்பது மணிக்குள்ள பிரிண்டுக்குப் போகணும்.’ நான் சங்கத்தின் செயலாளர். பிழை பார்ப்பது என் வேலை.

ஆள் செத்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். திருநகரில் அடுத்த தெருவில் இருக்கிற மனிதர். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவருடைய மனைவி முத்துலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். “வெள்ளன எந்திருச்சாருண்ணே. நெஞ்சு கரிக்குதுன்னாரு. சோடா வாங்கியாரச் சொன்னாரு. அம்புட்டுத்தான்” என்றார். அங்கே நின்றுகொண்டேதான் தலைவருக்குப் பதில் போட்டேன்: ‘பிழை இல்லை.’ நான் எழுத்தில் சொன்ன பொய்களில் அது இரண்டாவது பெரிய பொய். முதலாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கத்தின் மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டார்கள். இதை அவர்கள் போடமாட்டார்கள் என்று தெரியும். பரவாயில்லை. ராஜாங்கத்தைத் தெரிந்த நீங்கள் படித்தால் போதும்.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். திருப்பரங்குன்றம் சாலையில் ஒற்றை அறைக் கடை. மதுரையில் அநேகமாக எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியிலும் அவர் கை படாத மிஷின் இருக்காது. எந்த மிஷினையும் அவர் போனவுடன் திறந்துவிடமாட்டார். அதைத் தினமும் துடைக்கிற ஆயாம்மாவைத் தேடிப்பிடித்து முதலில் அவரிடம்தான் பேசுவார். என்ன சத்தம் வந்தது, எப்போது சூடானது, யார் தட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். “டாக்டருக்கு மிஷினோட வெல தெரியும்ணே. ஆயாம்மாவுக்குத்தான் அதோட கொணம் தெரியும்” என்பார்.

ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில், ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் கருவிகள் அனுப்புவதென்று எங்கள் சங்கம் முடிவெடுத்தது. அங்கே போய் அவற்றைப் பொருத்திக் கொடுப்பது ராஜாங்கத்தின் பொறுப்பு. மதுரையில் மூடப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பழைய கருவிகள் வந்தன. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கிற மேசைகள், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற மிஷின்கள், சளி உறிஞ்சுகிற மிஷின்கள் என மொத்தம் பதினான்கு. கப்பலூர் கோடவுனில் வைத்து ராஜாங்கம் இரண்டு நாள் சோதித்தார். ஐந்துக்கு டிக் போட்டார். ஒன்பதுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, தாளை என் கையில் கொடுத்தார்.

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்டெய்னர் பாதி காலியாகப் போனால் கொடியசைப்பு விழாவில் யார் நிற்பது? “ஒண்ணுமே இல்லாத ஊருப்பா. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சா பாப்பாங்க?” என்றார்.

“மாடு குடுத்தா பல்லப் பாக்க வேணாம்ணே. செத்த மாட்டக் குடுத்துட்டு அதையே சொன்னா எப்பிடி?” என்றார் ராஜாங்கம். “இல்லாத மிஷின் யாரையும் கொல்லாது. ஓடுற மாதிரி நடிக்கிற மிஷின்தான் கொல்லும்.”

அவர் வீட்டுக்குப் போன பிறகு தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கப்பலில் ஏற்றுவதற்குக் கருவிகளின் பட்டியல் வேண்டும், எல்லாம் இயங்குகிறது என்று செயலாளர் கையெழுத்திட வேண்டும். “அங்க போயி ராஜாங்கமே சரி பண்ணிருவான், நீங்க போடுங்கண்ணே” என்றார். நான் போட்டேன். ராஜாங்கத்தின் தாளை என் பையில் மடித்து வைத்துவிட்டு, வேறொரு தாளில் பதினான்குக்கும் ‘நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டேன். முப்பத்தாறு வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் நான். ஒரு கையெழுத்து என்றால் என்ன என்று தெரியாதவன் இல்லை. தெரிந்தேதான் போட்டேன்.

ஒன்பதும் கழிக்கப்பட்டுவிட்டன என்ற நம்பிக்கையில்தான் ராஜாங்கம் விமானம் ஏறினார். கூடவே நானும் போனேன், போட்டோ எடுக்க. அவரிடம் சொல்லிவிட எனக்கு வழி நெடுக நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கண்டெய்னர் எங்களுக்குப் பின்னால்தான் வந்தது. அந்த ஒரு வாரம் ராஜாங்கத்தைப் போல் சந்தோஷமாக இருந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆள் நிறைந்தால்தான் மினிபஸ் எடுப்பார்கள். “பெரியார் பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோ இங்க வந்துருச்சுண்ணே” என்று மடியில் யாரோ ஒருவருடைய கோழியை வைத்துக்கொண்டு சிரிப்பார். வெள்ளைச் சோள மாவில் களி கிண்டி, பயறுடன் தருவார்கள். எனக்கு மூன்றாம் நாளே வயிறு முரண்டு பிடித்தது. அவர் கையால் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு வெளியே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அந்த ஊரில் இந்தியன் என்றால் கடை முதலாளி. அதனால் பார்க்கிறவர்களெல்லாம் “உங்கள் கடை எங்கே?” என்று கேட்டார்கள். “திருப்பரங்குன்றம் ரோட்டுல” என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் நான் படம் எடுத்தேன். அந்தப் படம்தான் ஃப்ளெக்ஸில்.

குழந்தைகள் வார்டின் பொறுப்பாளர் சிசோமோ என்ற செவிலியர். நாற்பது வயதிருக்கும். கண்டெய்னர் திறந்த அன்று அவர் எங்களோடு நின்றார். முதலில் ஓடுகிற ஐந்து இறங்கின. ராஜாங்கம் கை தட்டினார். அப்புறம் ஆறாவது இறங்கியது. ஏழாவது. ராஜாங்கத்தின் கை நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் புதுப் பெயிண்ட். எல்லாவற்றிலும் நம் கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு ஒரு பெயர்.

சிசோமோ ஒரு மேசையைத் தடவிப் பார்த்து, இதில் எழுதியிருப்பது இயக்கும் முறையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொடுத்தவரின் பெயர் என்றேன். அப்படியானால் இயக்கும் முறை எங்கே என்றார்.

ராஜாங்கம் பட்டியலை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “அண்ணே, இது உங்க கையெழுத்தா?” என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஓடாத ஒன்பதையும் என்ன செய்வது என்று அவர் சிசோமோவிடம் கேட்டார். சிசோமோ ஒரு சாவியை எடுத்துக்கொண்டு எங்களைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப்போய் ஓர் அறையைத் திறந்தார். உள்ளே கூரை வரைக்கும் கருவிகள். எத்தனையோ நாட்டு எழுத்துகள், எத்தனையோ கொடிகள், எல்லாம் அன்பளிப்பு, எதுவும் ஓடாது. அதில் ஒன்று பாதி ஓடியதாம். அதை நம்பி வைத்த குழந்தைக்கு முதுகு வெந்துவிட்டதாம். “மிஷின் இல்லாதபோது குழந்தையைத் தாயின் மார்போடு துணியால் கட்டிவிடுவோம். அது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. மிஷின் இருந்தால் அதை நம்பி அடுத்த குழந்தையிடம் போய்விடுவேன். அதுதான் ஆபத்து” என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதில் இந்தியா மட்டும்தான் இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இடத்தை ஒதுக்குகிற வேலையில் இருந்தார்.

மூன்று வாரத்தில் நான் திரும்பிவிட்டேன். ராஜாங்கம் இன்னும் ஒரு மாதம் இருந்தார். ஒன்பதையும் பிரித்து, ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, இரண்டு மேசைகளை ஓட வைத்துவிட்டுத்தான் வந்தார். அவர் இறந்ததைச் சிசோமோவுக்கு எழுதினேன். அந்த இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன என்று பதில் வந்தது.

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் நீங்களும் பேசினீர்கள். ஏழு மிஷின் ஓடவில்லை என்ற சேதி மதுரைக்கு வந்தது. வாரக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, “நல்லா ஓடுன மிஷினு. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கோம். இவன் அங்க போயிப் பிரிச்சுப் போட்டு, திரும்பச் சேக்கத் தெரியாம வந்துட்டான்” என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்து நாளில் அது ‘பார்ட்ஸை வித்துட்டானாம்’ என்று ஆனது. முதலில் ஓர் ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. பிறகு மற்றவை. கடையில் மிக்ஸியும் கிரைண்டரும் பழுதுபார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

தலைவர் அப்படிப் பேசியபோது நான் அதே மேடையில் இருந்தேன். என் கையில் மெதுவடை இருந்தது. ராஜாங்கத்தின் சிவப்புக் குறி போட்ட தாள் என் வீட்டு பீரோவில் இருந்தது. எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பயம். சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. செயலாளர் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று ஆகிவிடும் என்ற பயம்.

பதினொரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் காலையில் ஸ்குரூ டிரைவரோடு வீட்டு வாசலில் நின்றார். “கோவம் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. ஒங்க வீட்டு மிக்ஸி போடுற சத்தம் ரெண்டு தெருவுக்குக் கேக்குது. கார்பன் பிரஷ் போயிருச்சு. எனக்குத் தாங்க முடியல” என்று உள்ளே வந்து, என் மனைவியிடம் அது எப்போதிலிருந்து கத்துகிறது என்று விசாரித்துவிட்டு, சரிசெய்துவிட்டுப் போனார். காபி குடிக்கவில்லை.

அதன் பிறகு அவர் தன் செலவிலேயே இரண்டு தடவை மலாவிக்குப் போய்வந்தார். பெட்டியில் துணி குறைவு, ஃபியூஸும் ஃபில்டரும்தான் அதிகம். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி வைத்துக் கிளறினார்களாம். இரண்டாம் தடவை போய்வந்த பிறகு, டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, அங்க என்னய மெக்கானிக்குன்னு கூப்பிடுறாங்க. இங்கதான் யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. என்னய என்ன வேணாலும் சொல்லட்டும், வேல தெரியாதவன்னு மட்டும் சொல்ல வேணாம். நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்.”

“சொல்றேம்ப்பா. அடுத்த கூட்டத்துல கண்டிப்பா சொல்றேன்” என்றேன்.

அதன் பிறகு எத்தனையோ அடுத்த கூட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தலைவர் வீட்டுக் கல்யாணம், சங்கத் தேர்தல், எனக்குக் கண்புரை. அவர் மறுபடி கேட்கவே இல்லை. வழியில் பார்த்தால், “வாரேண்ணே” என்று கையைத் தூக்கிவிட்டுப் போவார்.

இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். ராஜாங்கம் நினைவாக இன்னொரு கண்டெய்னர் அனுப்பப்படும் என்று தலைவர் அறிவித்தார். கை தட்டினீர்கள். நானும் பேசினேன். சேவைச் செம்மல் என்றேன், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கும் சொல்லவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

மறுநாள் பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முத்துலட்சுமியிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எல்லாம் தெரியும்ணே. ‘அண்ணே சொல்லுவாரு, கொஞ்சம் பயந்த சுபாவம், ஆனா சொல்லுவாரு’ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒவ்வொரு கூட்டத்தன்னைக்கும் ராத்திரிச் சாப்பாட்டப்ப போனப் பக்கத்துலயே வச்சிருப்பாரு, யாராச்சும் கூப்பிட்டுச் சொல்லுவாங்கன்னு. அம்புட்டு நாளா ஒங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?”

கண்டெய்னரை நிறுத்தச் சொல்கிறேன், அடுத்த கூட்டத்தில் மேடையேறி உண்மையைச் சொல்கிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

“அவரு பேருல எதையும் அனுப்ப வேணாம்னு சொல்லிருங்க. ஆனா மேடையெல்லாம் வேணாம். மேடையில சொன்னா ஒங்களுக்குத்தான் பேரு, செக்கரட்டரி மனசாட்சியுள்ள மனுசன்னு கை தட்டுவாங்க. எந்த எந்த ஆஸ்பத்திரி அவரக் கூப்பிடாம விட்டுச்சோ, அங்க போங்க. ஒவ்வொண்ணா போங்க. போயிச் சொல்லுங்க.”

செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். நினைவுக் கண்டெய்னர் இப்போதைக்கு நின்றிருக்கிறது. இரண்டு வாரமாக அந்தத் தாளோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். பழங்காநத்தத்தில் ஒரு மேனேஜர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். வில்லாபுரத்தில் ஒருவர், “இத ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?” என்றார். நேற்று திருமங்கலம் போனேன். கருவிகளுக்குப் பொறுப்பானவர் புதிதாக வந்தவர், சின்ன வயது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாக, “ராஜாங்கமா? யாரு சார் அது?” என்று கேட்டார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்னும் நான்கு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ராஜாங்கத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வேலைதான். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.