ஐம்பத்தைந்து கரண்டி

ஏசுரத்தினத்தின் பின்கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அதோடு சண்டை போட்டவள் அவர் மனைவி தபிதா ஒருத்திதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மறுநாள் சர்ச்சுக்கு வெள்ளைச் சட்டை போடவேண்டுமே என்று பீர்க்கன் நாரும் கடலைமாவுமாக வந்துவிடுவாள். தேய் தேய் என்று தேய்ப்பாள். தோல் எரியுமே தவிர கறுப்பு இம்மியும் குறையாது.

"வுடு தபிதா, மாங்கா பால் பட்ட கறுப்பு அது. சீசன் முடிஞ்சா போய்டும்" என்பார் அவர். எத்தனையோ சீசன் முடிந்துவிட்டது. கறுப்பு போகவில்லை.

மாங்காய்ப் பால் மேல் பழி போட அவருக்கு உரிமை உண்டு. சித்தூருக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் இருக்கிற மாம்பழக் கூழ் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் ருசி பார்க்கிறவர். ஒவ்வொரு தொட்டியும் நிறைந்ததும் ஒரு சொட்டுக் கூழைப் பிரிக்ஸ் மீட்டரின் கண்ணாடியில் விட்டு, இனிப்பு எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, கண்ணை மூடி, விழுங்கி, "ஓகே" என்று கத்துவார். மீட்டர் பொய் சொன்னாலும் ரத்தினத்தின் நாக்கு பொய் சொல்லாது என்று லைனில் பழம் வெட்டுகிற பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்க அவருக்குக் கொள்ளை ஆசை. 'நாக்கு சார்' என்று அவர்கள் கூப்பிட்டால் வேண்டுமென்றே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

ஆனால் வீட்டில் மனிதர் இனிப்பைத் தொடமாட்டார். அதற்குக் காரணம் அவருடைய அண்ணன் சாம். வடமாலபேட்டையில் இருக்கிற சாமுக்குச் சர்க்கரை முற்றிப்போய், போன வருஷம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது பகலெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே ஏசுரத்தினம் டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினார். கிறிஸ்துமஸ் கேக்கைக்கூடத் தள்ளி வைத்தார். என் கால் எனக்கு வேண்டும் என்றார்.

ஜூலை மாதத்து முதல் ஞாயிறு. நற்கருணை எடுக்கப் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுத் தலை குனிந்திருந்தார். பின்னால் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள் அவருடைய தங்கை மகள் ஈவ்லின். திருப்பதியில் ஆயுர்வேதம் கடைசி வருஷம் படிக்கிறாள். மாமனின் குனிந்த கழுத்து அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் மடக்கிவிட்டாள்.

"மாமா, கழுத்துல அது எத்தினி நாளா கீது?"

"இன்னாடி, அழுக்கோட சர்ச்சுக்கு வந்துட்டேன்றியா?"

"அழுக்கு இல்ல மாமா. தேய்ச்சா போவாது அது. உள்ளேர்ந்து வருது. மத்தியானம் துன்னதும் தூக்கம் தள்ளுதா? வாய் வறண்டு போவுதா? உள்ளங்காலு எரியுதா?"

மூன்றும் உண்டு. மூன்றுக்கும் அவரிடம் காரணமும் தயாராக இருந்தது. தூக்கம் விடிகாலை ஷிப்டால், தாகம் வெயிலால், எரிச்சல் கம்பெனியில் கொடுத்த ரப்பர் பூட்ஸால்.

"பெரிய மாமாவும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள் ஈவ்லின். லைனைக் கழுவுவதற்காக நிறுத்துகிற புதன்கிழமையாகப் பார்த்து அவர் லீவு போட்டார்.

வெறும் வயிற்றில் திருப்பதிக்குப் போய், ஈவ்லின் காட்டிய லேபில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார். மத்தியானம் ரிசல்ட் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுப் பதினேழு, நூறுக்குள் இருக்கவேண்டியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி ஆறு புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி ஏழுக்குள் இருக்கவேண்டியது. ஏசுரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ட்யூபை மாற்றிவிட்டான், இது வேறு யாருடைய ரத்தமோ என்று அடம்பிடித்தார். சரியென்று வேறொரு லேபுக்கு அழைத்துப்போனாள் ஈவ்லின். மூன்று மாதச் சராசரி அங்கேயும் அதே ஆறு புள்ளி இரண்டு.

ஈவ்லினின் ஆசிரியையான டாக்டரம்மா தெலுங்கும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசினார். "பயப்படாதீங்க. சக்கர வியாதி இன்னும் வர்ல. வாசப்படில வந்து நிக்குது. எங்க சாஸ்திரத்துல பிரமேகம்ன்னு சொல்வாங்க. அது வர்றத்துக்கு முந்தியே ஒடம்பு காட்டும். வாய் இனிக்கிறது, தாகம், உள்ளங்கால் எரிச்சல், சோம்பல், மேல அழுக்கு சேர்றது, எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. இப்ப திருப்பி அனுப்பினா போயிடும்."

பகல் தூக்கம் கூடாது, சாப்பிட்டதும் நடக்கவேண்டும், சோறு பாதி, மீதிக்கு வரகும் காய்கறியும், ராத்திரி தயிர் வேண்டாம், காலையில் நெல்லிக்காய்ச் சாற்றில் மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே போனார். "இத குடிச்சிட்டேன்னு டெஸ்ட்ட வுட்டுடாதீங்க. மூணு மாசத்துல மறுபடி ரத்தம் பாக்கணும். இப்ப ஒரு வாரம் என்ன சாப்படறீங்களோ, ஒண்ணு விடாம எழுதிக்கினு வாங்க."

எழுதினார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர், ஒரு அப்பளத்தைக்கூட விடவில்லை. அடுத்த புதன் டாக்டரம்மா அந்த நோட்டை இரண்டு தடவை புரட்டினார். "இதுல ஒண்ணுமே இல்லியே. இவ்ளோ சுத்தமா சாப்படறவருக்கு ஏன் ஏறுது?"

ஈவ்லின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "மாமா, கம்பெனில ருசி பாக்கறது எங்க?"

"அது துன்றதாடி? அது வேல."

"வயித்துக்குள்ளதானே போவுது?"

"ஜெபம் பண்ணிட்டு துன்னாதான் சாப்பாடு. கரண்டி கரண்டியா நக்கறதுக்கு யாரு ஜெபம் பண்ணுவாங்க?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய வீட்டில் ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் ஒரு வாய் உள்ளே போகாது. ஆகவே நன்றி சொல்லாமல் உள்ளே போனது எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. பத்தொன்பது வருஷமாக அதை அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஈவ்லினும் சிரிக்கவில்லை.

மறுநாள் கம்பெனி லேபில் தனியாக இருக்கும்போது தராசை எடுத்தார். ருசி பார்க்கிற கரண்டியில் கூழ் எடுத்து நிறுத்தார். இருபது கிராம். செவ்வாய்க்கிழமை எத்தனை தொட்டி என்று தன் நோட்டைப் பார்த்தார். ஐம்பத்தைந்து. ஆயிரத்து நூறு கிராம் கூழ். பிரிக்ஸ் பதினைந்து என்றால் நூறு கிராம் கூழில் பதினைந்து கிராம் கரைந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். இந்தக் கணக்கைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நூற்று அறுபத்தைந்து கிராம் வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி பெருக்கினார். அதேதான் வந்தது.

கேன்டீனிலிருந்து சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, தராசில் ஒரு தம்ளரை வைத்துக் கொட்டினார். கொட்டக் கொட்ட முள் நகர்வேனா என்றது. நூற்று அறுபத்தைந்தைத் தொட்டபோது தம்ளர் முக்காலுக்கு மேல் நிறைந்திருந்தது. ஏசுரத்தினம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டீயில் அரைக் கரண்டிச் சர்க்கரைக்குப் பயந்த மனிதர், சீசன் முழுக்க வேலை நாள் தவறாமல் இதை விழுங்கியிருக்கிறார். சாமே ஒரு நாளைக்கு இவ்வளவு தின்றிருக்கமாட்டார்.

துப்பிவிடலாம்தான். ஆனால் கீழே விழுந்த பருக்கையையும் பொறுக்கி வாயில் போட்ட கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர் அவர். பழத்தை வாயில் வைத்துத் துப்புவதை நினைத்தாலே பாவமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. விழுங்காத நாக்கு கம்பெனிக்கு எதற்கு? காலைக் காப்பாற்றினால் வேலை போகும், வேலையைக் காப்பாற்றினால் கால் போகும். இரண்டு நாள் இப்படியே வெந்து, மூன்றாம் நாள் வருவது வரட்டும் என்று மேனேஜர் சுதீரின் அறைக்குப் போய் ரிப்போர்ட்டை நீட்டினார்.

சுதீர் நெல்லூர்ப் பக்கத்துப் பையன், வந்து ஆறு வருஷம் ஆகிறது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரத்னம்காரு, உங்கள யாரு முழுங்கச் சொன்னாங்க?"

"ருசி பாக்க வேணாவா சார்?"

சுதீர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வரி. பிரிக்ஸ், புளிப்பு, நிறம், ருசி. ருசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஓகே, ஓகே, ஓகே. இன்னும் நிறையாத தொட்டிகளுக்கும் ஓகே இருந்தது.

"இது ஆட்டோமேட்டிக்கா வந்துடும். நான் வந்ததுலேர்ந்தே இப்படித்தான். வாங்கறவங்க மீட்டர் ரீடிங்தான் கேக்கறாங்க, ருசிய அவங்க லேப்ல பாத்துக்கறாங்க. உங்களுக்குப் பிடிக்கும், அதான் துன்றீங்கன்னு நெனச்சேன். காலைல ஒரு வாட்டி மோந்து பாருங்க, ஒரு சொட்டு நாக்குல வெச்சித் துப்புங்க. போதும்."

முதலில் வந்தது நிம்மதிதான். வேலை போகவில்லை, கால் போகவில்லை. அந்த நிம்மதி அறை வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. போன வருஷம் சாமை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று, அண்ணன் கண் விழிக்கும்வரை இருக்கச் சொல்லி அண்ணி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நாக்கு இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும் என்று சொல்லி, கையை உதறிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அன்றைக்கு மட்டும் நாற்பது கரண்டி. அந்த நாற்பதுக்கும் கம்ப்யூட்டரில் ஓகே தானாகவே விழுந்திருக்கும். லைனில் பெண்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ 'நாக்கு சார்' என்று கூப்பிட்டார்கள். அவர் காதில் வாங்காமல் நேராக வெளியே வந்து சைக்கிளை எடுத்தார்.

வீட்டு வாசலிலேயே தபிதா நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க? வேல கீதா, போச்சா?"

"கீது" என்றார். "கால வெட்னப்போ அண்ணங்கூடவே இருந்திருக்கலாம் தபிதா."