ராணியின் நான்கு குட்டிகள்

நோயாளி ஒரு வார்த்தை பேசாத, நோயாளியின் சொந்தக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காத தொழில் நாய் வைத்தியம்.

மயிலாப்பூரில் டிராம் போகும் தெருவில் 'மிருக வைத்தியர்' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஊரார் வைத்த பெயர் மாட்டு டாக்டர். நாய்க்குட்டி வளர்த்துப் பறிகொடுத்த அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன். என் நாய் ராணி நான்கு குட்டி போட்டு, அவை பால் மறந்த கொஞ்ச நாளில் கண்ணை மூடிவிட்டாள். அவளுக்குப் பிறகு எனக்கென்று இருந்தவை அந்த நான்கும்தான். ஆனால் நோய் நாய்கள் வந்துபோகிற வீட்டில் குட்டி வளர்ப்பது அடுப்புக்குப் பக்கத்தில் பஞ்சு காயப்போடுகிற மாதிரி. அதனால் நல்ல மனிதர்களாகப் பார்த்துக் கொடுத்தேன்.

"பூச்சி மருந்து கொடுங்கள். காய்ச்சல் கண்டால் குளிப்பாட்டாதீர்கள். வேறு நாயையும், வேறு நாயைத் தொட்டவர்களையும் கிட்டே விடாதீர்கள்" என்று வீட்டுக்கு வீடு ஒப்பித்தேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

துணைக்கு ஒன்று

மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அங்கே புதுவீடு கட்டிக் குடிபோயிருந்த காண்டிராக்டர் நாயுடுவுக்கு முதல் குட்டி. ஒரு நாள் அவசரமாக ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாகக் குட்டிகள். புதியது சந்தையில் வாங்கியது. கண்ணிலும் மூக்கிலும் சீழ். இரண்டும் ஒரே தட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

நாய்க்கு நாய் தொற்றும் நோய், டிஸ்டெம்பர் என்று பெயர். வந்துவிட்டால் மருந்து கிடையாது. சீமையில் தடுப்பு ஊசி கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது துரைமாரின் வேட்டை நாய்களைத் தாண்டி நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை. சந்தைக் குட்டி முதலில் போயிற்று. ராணியின் குட்டி வலிப்பு கண்டு என் மடியிலேயே போயிற்று. "அவ்வளவு சொன்னேனே ஐயா!" என்று கத்திவிட்டேன். ஒரு அதட்டலில் கொத்தனார்களை நடுங்க வைக்கும் மனிதர், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"ராவெல்லாம் தனியா அழுதுகினே இருந்துச்சு டாக்டரே, மனசு கேக்கல. அதான் துணைக்கு ஒண்ணு வாங்கியாந்தேன்."

வெறும் வயிற்று மருந்து

இரண்டாவது குட்டி, அடையாற்றில் மீன் பிடிக்கும் சாமிக்கண்ணுவுக்கு. ஆட்டை என்னிடம் காட்ட வருகிறவன். குட்டியின் தொப்பையில் அவனுக்கு ஒரே பெருமை. "கொழுகொழுன்னு கீது பாருங்க!" என்பான். தாய்ப்பாலிலேயே பூச்சி வந்துவிடும், அது பூச்சித் தொப்பை என்று சொல்லி மருந்துப் பொட்டலம் கொடுத்தேன். முதல் நாள் ராத்திரி ஒன்றும் போடாமல், காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும்.

மறுபடி தூக்கிக்கொண்டு வந்தபோது ஈறெல்லாம் வெளுத்து, விலா எலும்பு தெரிந்தது. தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பொட்டலம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிரிக்கவே இல்லையாம். கோபம் தலைக்கேறியது. ஆனால் அவன் பெண்டாட்டி அஞ்சலை சொன்ன பதிலுக்கு முன் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை:

"பட்டினின்னா இன்னான்னு எங்க புள்ளைங்களுக்குத் தெரியும் டாக்டரு. அத்தப் போயி இந்த வாயில்லாத குட்டிக்கும் எப்டி காட்றது?"

மூன்றாம் தண்ணீர்

மூன்றாவது, மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வக்கீல் வீட்டு மாமிக்கு. தெருநாய் எதுவோ உள்ளே வந்துபோயிருக்கிறது. குட்டிக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் கொப்புளம். டிஸ்டெம்பரில் வருகிற கொப்புளம்தான். மாமி அதை அம்மை என்று முடிவுகட்டி, வாசலில் வேப்பிலை செருகி, சமையலில் தாளிப்பதையும் நிறுத்திவிட்டாள். வேப்பிலை இருக்கட்டும், குட்டியைக் கதகதப்பாக வையுங்கள், காய்ச்சல் விட்டாலும் குளிப்பாட்ட வேண்டாம், இந்த நோய் போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

காய்ச்சல் விட்டது. குட்டி என்னைப் பார்த்து வாலாட்டியது. இது பிழைத்துவிடும் என்று நானும் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அப்புறம் மாமி, அம்மை இறங்கியவர்களுக்குச் செய்கிற மாதிரி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை முறையாக மூன்று தரம் தலைக்கு விட்டிருக்கிறாள். குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. நான் போனபோது பழம்புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மூச்சு நின்றபிறகும் கீழே விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"எங்காத்துக் குழந்தைகளுக்கெல்லாம் மூணு தண்ணி விட்டுத்தானே டாக்டர் இறங்கித்து? இது மட்டும் ஏன் பொழைக்கலை?"

சாந்தோம் வீட்டுக் கேட்

அங்கிருந்து நேராகச் சாந்தோமுக்கு நடந்தேன். நாலாவது குட்டி, பெண்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம்மாள் வீட்டில் இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ராணியின் குட்டியை ஒரு தரம் கையில் எடுக்க வேண்டும்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே வராந்தாவில் குட்டி ஒரு பழைய செருப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றாள்.

"மயிலாப்பூரிலிருந்து. அந்தக் குட்டியும் போய்விட்டது."

அவள் கண் கலங்கிவிட்டது. குட்டியைத் தூக்கி எனக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினாள். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

"ஒரே நிமிஷம் அம்மா" என்று கெஞ்சினேன். கம்பிக்குள் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"வேற நாயைத் தொட்ட கை இதுமேல படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ரூல்னா டாக்டருக்கும் ரூல்தான்."

நான் தொட்டு வைத்தியம் பார்த்த மூன்றும் போய்விட்டன, என்னை உள்ளே விடாத வீட்டில் வளர்ந்த ஒன்றுதான் இன்றைக்கும் சாந்தோம் பக்கம் போனால் யாரோ என்று நினைத்து என்னைப் பார்த்து வள்ளென்று குரைக்கிறது, குரைக்கட்டும், நன்றாகக் குரைக்கட்டும்.